ஜாடிக்குள் இருந்த புனிதர்

காலை பத்தே கால். பெண் பார்க்கப் போன அரியலூர் வீட்டில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மீன். அலமாரியில், மருந்துத் தண்ணீர் ஜாடிக்குள் தலைகீழாக நின்றது. (பெண் பிறகுதான், அதுவும் கதவிடுக்கில் பாதி.)

உலகச் சண்டை முடிந்த மறு வருடம் அது. மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் சாமியாராவதற்குக் குருமடத்தில் சேர்த்துவிடுவதாக என் தாய்மாமன் சொல்லியிருந்தார். வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் எட்டு வருடம் பூசைக்கு உதவியவன் நான். சாமியார் லத்தீனில் சொல்வதற்கெல்லாம் லத்தீனிலேயே பதில் சொல்வேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. பெண் வீட்டில் மாமா முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தார்.

பெண்ணின் அப்பா சயின்ஸ் வாத்தியார். காப்பி வருவதற்குள் ஜாடியை என் முன்னால் வைத்துவிட்டார்.

"கொள்ளிடத்துக் கெண்டைங்க தம்பி. லேபியோன்னு பேரு, லத்தீன். என்ன அர்த்தம்ங்க?"

"இதெல்லாம் நம்ம பயலுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் மாமா.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். நான் அறிந்தவரை லத்தீன் பெயர் இருந்தால் அவர் புனிதர்.

"ஒரு வேதசாட்சிங்க, வேதத்துக்காக உசுர விட்டவரு. கடல்ல தூக்கிப் போட்டாங்க. இந்த மீன்தான் கரை சேத்துச்சு."

"அப்புறம்?"

"மறுபடி புடிச்சுட்டாங்க."

"ஆண்டவரே! இவரையா ஊறுகா மாதிரி வெச்சிருந்தோம்?" என்று பெண்ணின் அம்மா ஓடிப்போய் மெழுகுவத்தி கொண்டுவந்தார். ஜாடி முன் ஏற்றினார். மாமா முழங்காலிட்டார். வேறு வழியின்றி நானும்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்மா, லேபியோன்னா தடிச்ச உதட்டுக்காரன். அப்பா புத்தகத்துலயே போட்டிருக்கு."

நான்கு பேரும் மீனின் உதட்டைப் பார்த்தோம். பிறகு மூன்று பேர் என் உதட்டைப் பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"எந்திரிடா" என்றார் மாமா. "பஸ்ஸு போயிரும்."

வாசல்படியில் செருப்பைத் தேடும்போது அதே குரல் கேட்டது.

"அவருக்குப் பொய் சொல்ல வரலப்பா. காதெல்லாம் செவந்துபோச்சு. எனக்குச் சம்மதம்."

என் காலில் இருந்தது மாமாவின் செருப்பு.

ஏற்றிய மெழுகுவத்தியைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட மாமியார், கடைசிவரை அந்த ஜாடியைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டார். இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "மறுபடி புடிச்சுட்டாங்க" என்று அடுக்களையிலிருந்து அதே குரல் வரும்.

எங்களுக்கு நான்கு பிள்ளைகள். நால்வருக்கும் என் உதடு.