ரோசிக்குப் பெரணி ஆகாது

தலைச்சோலை,
ஞாயிறு பூசை முடிந்து.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை டோமினிக் அவர்களுக்கு, மாமனார் தேவசிகாமணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை அமலியும் சுகம். நீங்களும் எங்கள் மகள் ஸ்டெஃபி கண்ணுவும் சுகம் என்றே நம்புகிறேன். சுகமில்லாதது, கல்யாணமான வருஷம் நீங்கள் வாங்கிக் கொடுத்த மாடு ரோசி மட்டும்தான்.

போன வாரம் அது சிவப்பாக மூத்திரம் போனது. வெற்றிலை போட்டுத் துப்பியது போல இருக்கவே, அமலி முதலில் என்னைத்தான் முறைத்தாள். மாட்டு டாக்டர் மேகலா ஸ்கூட்டரில் வந்தார். மாட்டைப் பார்க்குமுன் தீனித் தொட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பெரணிச் செடியவா போடறீங்க?"

"புல்லு காஞ்சு போச்சுங்க டாக்டரம்மா. இது காப்பித் தோட்டத்து ஓரமா பச்சப்பசேல்னு கெடந்துச்சு. நொம்ப ஆசையாத் திங்குதுங்க."

"ஆசையாத் தின்னா நல்லதுன்னு அர்த்தமாங்க? வருசக்கணக்காத் தின்னா மூத்திரப்பையில கட்டி வரும், புத்துநோயாக்கூட மாறும். பால்லயும் அந்த வெசம் கொஞ்சம் எறங்கும். இப்போதைக்குப் பால யாருக்கும் ஊத்தாதீங்க."

மாப்பிள்ளை, அந்தப் பாலில்தான் நான் தினமும் காப்பி குடிக்கிறேன். "என்னையும் ஒரு டெஸ்ட் பண்ணிருங்க" என்றேன். "நாலு கால் இருந்தாத்தானுங்க நான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, ரோசியின் மூத்திரத்தை மட்டும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பால் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் போய் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயி, "அதான் நேத்து காப்பி கசந்துச்சா?" என்று கேட்டாள். "அது உங்க காப்பித்தூளுங்க" என்றேன். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. பாலைக் கறந்து குழியில் ஊற்றுகிறோம், பெரணியைப் பிடுங்கப் பிடுங்க அது முளைக்கிறது, ரோசியோ கயிற்றை அறுத்துக்கொண்டு அதைத் தேடியே ஓடுகிறது, நான் பின்னால் ஓடி, சரிவில் உருண்டு, முட்டி வீங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே வரும் சனிக்கிழமை வண்டி பிடித்து வந்து, மாட்டைக் கீழே ஆத்தூரில் உங்கள் வீட்டுக்கே கொண்டு போய்விடுங்கள். கண் முன்னால் அது செத்துப் போவதைப் பார்க்க எங்களால் முடியாது. அமலி கொட்டகையில் அழுகிறாள். நான் முட்டி வலியால் அழுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் மாதாவின் ஆசியும், நொண்டி மாமனாரின் ஆசியும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
தேவசிகாமணி,
எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: வண்டி கொண்டு வராதீர்கள். உறையை ஒட்டப் போகும்போது அமலி, "ஏனுங்க, ஓடியாங்க! மஞ்சளாப் போயிருச்சுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நொண்டிக்கொண்டே ஓடிப் பார்த்தேன். ரோசியின் மூத்திரம் மஞ்சளேதான், துளிச் சிவப்பில்லை. ரோசி எங்களோடேயே இருக்கட்டும். நீங்கள் பஸ்ஸில் வாருங்கள், வரும்போது நல்ல புல் ஒரு கட்டு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "அதுக்குள்ள சந்தோசப்படாதீங்க, இன்னும் நொம்ப நாள் பாக்கணும்" என்கிறார். ரோசியிடம் அதை நாங்கள் சொல்லவில்லை.