பல் டாக்டர் கிளட்ச் மாற்றிய பெரும்போர்

கடைவாய்ப்பல் ஆயிரம் களைந்த கையர், அலறுவோர் முன்னும் புன்னகை குன்றாத நெஞ்சர், ஆங்கில நாட்டுப் பழம்பெரும் ஈரிருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் ஏகநாயகர், நம் பல் டாக்டர் வாழ்க! அவர் மூன்று ஞாயிறுகள் கார் ஷெட்டில் நிகழ்த்திய கிளட்ச் மாற்றுப் பெரும்போரைப் பாடப் புகுந்தோம். திருகாணிகளின் தெய்வமே, எம் நாவில் கிரீஸ் தடவி அருள்க!

அக்காரின் பழைய கிளட்ச், மிதித்தவர் முழங்காலையே பதிலுக்கு மிதிக்கும் கொடுங்கோன்மையது. கியர் மாறுந்தோறும் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். ஐந்தாண்டு பொறுத்த இல்லத்தரசியார், கரண்டியே செங்கோலாக அடுக்களை வாசலில் நின்று ஆணை பிறப்பித்தார்:

“மூணாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள என்னை உக்கார வச்சு ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். இல்லேன்னா வண்டி என் தம்பிக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

அத்தம்பியோ, வரும்போதெல்லாம் காரின் பானட்டைத் தடவிக்கொடுத்துப் பெருமூச்செறியும் பொல்லாப் பகைவன். ஆயினும் வீரர் மீசையை முறுக்கினார். மீசை இல்லாமையால் திருப்புளியை முறுக்கினார்.

சாப்பாட்டுத் தட்டளவுக் கிளட்சைத் தொட எஞ்சின் முழுவதையும் வெளியே தூக்கியாக வேண்டும் என்பது அக்காரைப் படைத்தோர் வகுத்த விதி. முதல் ஞாயிறு அதற்கே சரியாகப் போயிற்று. இரண்டாம் ஞாயிறு, மென்மையினும் மென்மையதாகிய புதுக் கிளட்சைப் பூட்டி, ஏனைய உறுப்புகளைக் கழுவித் துடைத்து, கிளினிக் வழக்கப்படி எவர்சில்வர் தட்டுகளில் வரிசையிட்டு வெள்ளைத்துணியால் மூடினார். மிதிக்கும்போது கிளட்சை அமுக்கி விடுவிக்கும் பேரிங் வளையத்தை மட்டும், தூசி படலாகாதென்று, தனித்தட்டில் துணி மூடி ஏந்திப்போய் வீட்டு ஜன்னலோரம் வைத்தார்.

மூன்றாம் ஞாயிறோ கடும்போர். மதம் பிடித்த யானையென எஞ்சின் சங்கிலியில் ஆட, கியர்பாக்ஸின் தண்டு கிளட்சின் துளைக்குள் நுழையமாட்டேனென அடம்பிடிக்க, வியர்வை ஆறாகப் பெருக, விடியலில் தொடங்கி உணவும் மறந்து தள்ளியும் தாங்கியும் தளர்ந்த தலைவர், ஈற்றில் தம் குலத்தொழில் மந்திரத்தையே ஓதினார்:

“கொஞ்சம் வாயைத் திறங்க... இன்னும் பெரிசா... அவ்வளவுதான், வலிக்காது.”

டொக்கென்று நுழைந்தது.

மணி மூன்று ஐம்பது. எஞ்சின் கர்ச்சித்தது. அரசியார் கைப்பையுடன் அருகமர்ந்தார். டாக்டர் இடக்காலை ஊன்றினார். வெண்ணெயில் இறங்கினாற்போல் இறங்கியது கிளட்ச். உலகாளும் மன்னரென நிமிர்ந்து, “பாத்தியா, எவ்வளவு மெத்துன்னு இருக்கு!” என்று முழங்கி, கியரைத் தள்ளினார்.

கர்ர்ர்ர்ரக்!

தள்ளினார், மீண்டும் தள்ளினார். பறவைகள் பறந்தன, பக்கத்து வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன, கியர் மட்டும் விழவில்லை. அப்போது அரசியார் மெல்ல வாய்மலர்ந்தார்:

“ஏங்க, ஜன்னல்ல ஒரு வளையத்தைத் துணி போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?”

எண்திசையும் அடங்கின. தென்றலும் நின்றது. ஆயிரம் பல் களைந்த கரம் ஸ்டியரிங்கின் மேல் சோர்ந்து விழ, மீண்டும் எஞ்சினைத் தூக்க வேண்டிய மூன்று ஞாயிறுகள் அவர் கண்முன்னே மலைகளென எழுந்து நிற்க, வாசலில் ஹார்ன் ஒலித்தது.

மைத்துனன் வரும்போதே இழுவைக் கயிறு கொண்டுவந்திருந்தான்.