துரைக்கு ஒரு பாரை

மார்க்கண்டு இடது கையால் சேவலின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதன் கழுத்திறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் நின்ற துரையின் கார் மூன்றாம் முறையும் ஹோர்ன் அடித்தது.

"வாறன், வாறன். கொஞ்சம் பொறு," என்று பல்லைக் கடித்தார்.

அதைக் காரோட்டி செபமாலைக்குச் சொன்னாரா, சேவலுக்குச் சொன்னாரா என்பது இருவருக்குமே விளங்கவில்லை. செபமாலை இன்னொரு முறை ஹோர்ன் அடித்தான். சேவல் அவருடைய கட்டைவிரலைக் கொத்திவிட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குப் பறந்தது.

கையில் பதினொரு இறகு மிஞ்சியது. செம்பும் பொன்னும் கலந்த நிறம். மார்க்கண்டு அவற்றைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

1933ஆம் ஆண்டு மாசி மாதம் அது. யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், மார்க்கண்டு இரண்டாவது கிளாக்கர். ஊர் சண்டிலிப்பாய். முட்டைகூடத் தொடாத சைவம். கோபத்துக்கு மட்டும் அவரிடம் விரதம் கிடையாது. விடிந்தால் வேலிக் கதியாலோடு சண்டையைத் தொடங்குவார். கச்சேரி வாசலை மிதிக்குமுன் நாலு பேரோடு முறித்திருப்பார்.

அப்படிப்பட்டவரைக் கோழி பிடிக்க வைத்தவர் கச்சேரிக்குத் தலைவரான வெள்ளைக்காரர், வில்மொற் துரை.

துரைக்கு மீன்பிடிப் பைத்தியம். அதுவும் ஊரில் ஒருவரும் கண்டிராத பைத்தியம். இறால் கூடாது, புழு கூடாது. தூண்டில் முள்ளில் சேவலின் கழுத்திறகை நூலால் சுற்றிக் கட்டுவார். பரவைக் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று, நீண்ட தடியைச் சவுக்குப் போல முன்னும் பின்னும் விசுக்கி, அந்த இறகைக் குட்டி மீன் என்று பெரிய மீனுக்கு நம்பிக்கை வரச் செய்வார். பத்து றாத்தலுக்கு மேற்பட்ட ஒரு பாரை மீனை இப்படிப் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மூன்று வருடமாகப் பாரைகள் நம்பவில்லை. அந்தக் கோபம் முழுவதையும் துரை கச்சேரியில் தீர்த்துக்கொண்டார். அவர் வீசிய மைக்கூடு படாத சுவர் அங்கே ஒன்றும் இல்லை.

போன கிழமை லண்டனிலிருந்து ஒரு பெட்டி நிறைய இறகு வந்தது. துரை அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மார்க்கண்டிடம் கொடுத்தார். மார்க்கண்டின் கோப்புத் தட்டுக்கு நேர் மேலே பிள்ளையார் படம். செத்த கோழியின் இறகைப் பிள்ளையாருக்குக் கீழே வைப்பதாவது? பெட்டியைத் தூக்கிப் பதிவறை மண் தரையில் வைத்தார். மூன்றாம் நாள் பார்த்தால் பெட்டியைக் கறையான் அரித்து மண்ணாக்கி, இறகெல்லாம் அந்த மண்ணோடு குழைந்து கிடந்தன.

துரை கத்தவில்லை. அதுதான் மார்க்கண்டுக்குப் பயமாக இருந்தது.

"ஜூன் முப்பதாம் திகதிக்குள் இறகையும் நீயே கொண்டு வா, பாரையையும் நீயே காட்டு," என்றார் ஆங்கிலத்தில். "இல்லையென்றால் ஜூலை முதலாம் திகதி முல்லைத்தீவு."

மாற்றக் கட்டளை அன்றே தட்டச்சாகி, கையெழுத்தும் விழுந்தது. முல்லைத்தீவென்றால் காடும் காய்ச்சலும். முன்பு போன கிளாக்கரைக் குல்லாவும் கம்பளியுமாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இங்கேயோ மார்க்கண்டுக்கு ஆயிரம் கன்று புகையிலையும், கலியாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

அதனால்தான் சேவல்.

பாசையூர்க் கரையில் மீனவன் லியோன் வள்ளத்தோடு நின்றான். அந்தப் பரவைக் கடலில் அவனுக்குத் தெரியாத மீன் இல்லை என்று கச்சேரியில் எல்லோரும் சொன்னார்கள். கம்பை ஊன்றி ஊன்றி, கிழக்கே ஒரு மணி நேரம் கொண்டுபோய் நிறுத்தினான். வாடைக் காற்று இன்னும் அடங்கவில்லை. துரை இறங்கி விசுக்கத் தொடங்கினார்.

"இஞ்சை மீன் இருக்கோடா?" என்றார் மார்க்கண்டு.

"கடலெல்லே ஐயா. இருக்கும்."

"இருக்குமெண்டால்?"

"உதைப் பற்றி ஐயாவோடை ஒரு கதை கதைக்கோணும்..."

"எனக்குக் கதை வேண்டாம். மீனைக் காட்டு."

அடுத்த விசுக்கில் இறகு முள் பின்னால் வந்து மார்க்கண்டின் தலைப்பாகையில் மாட்டியது. துரை முழுப் பலத்தோடு முன்னே வீசினார். தலைப்பாகை ஐந்து முழமும் அவிழ்ந்து, பட்டம் போலப் பறந்து போய்க் கடலில் விழுந்தது. துரை அதை மீனென்று நினைத்துச் சுற்றி இழுத்தார். கையில் வந்தது என்னவென்று கண்டதும் கடலோரம் முழுவதும் கேட்க ஏசினார்.

வீட்டுக்கு வந்தால் படலையில் பக்கத்து வளவு நல்லம்மா. இடுப்பில் சேவல். கழுத்து வெள்ளரிக்காய் போலப் பளபளத்தது.

"கிளாக்கர், இந்தக் கழுத்தை உரிச்ச கை எது? அதைக் கொஞ்சம் காட்டும்."

"பதினொரு இறகு. திரும்ப முளைக்கும்."

"முளைக்கும். வேள்விக்கு முதல் முளைக்குமோ? இது வைரவருக்குப் பலி குடுக்க நேந்து விட்ட சாவல். ஒரு நகம் உடைஞ்சாலும் கோயிலிலை எடாயினம். நீர் கழுத்தையே மொட்டையடிச்சு விட்டிருக்கிறீர்."

மார்க்கண்டு கையைப் பின்னால் மறைத்தார். "அதுக்கு இப்ப நான் என்ன செய்யிறது?"

"இதே நிறத்திலை பழுதில்லாத சாவல் ஒண்டு. வேள்வியண்டு நீரே கையிலை தூக்கிக்கொண்டு வந்து குடுக்கோணும். இல்லாட்டி வைரவருக்கு நீர் பதில் சொல்லும். அவருக்கு உம்மைவிடக் கோபம்."

உள்ளேயிருந்து மனைவி குணலட்சுமியின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, நீங்கள் வேள்விக்குப் போனால் ஐயர் எங்கடை வீட்டுத் திவசத்துக்கு வரமாட்டார். சொல்லிப்போட்டன்."

"நான் விரும்பியே போறன்?" என்று கத்தினார் மார்க்கண்டு.

பங்குனியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், கோழிக்காரர் சிரிக்கச் சிரிக்க, நிறம் பார்த்து ஒரு சேவல் வாங்கினார். அதைத் தூக்கத் தெரியாமல் சாமிப் படம் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தபோது துரையின் கார் வந்து நின்றது. துரை இறங்கினார். சேவலின் கழுத்தைப் பார்த்தார். அன்றுதான் முதன்முதலாக மார்க்கண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல சேவகன்," என்று சொல்லி, நின்ற நிலையில் ஒன்பது இறகு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்க்கண்டு இன்னொன்று வாங்கினார். அதைக் குணலட்சுமி வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக்கொட்டிலில் கட்டினார். அது கயிற்றில் மாட்டிக் காலை முறித்துக்கொண்டது. மூன்றாவதாக ஒன்று வாங்கினார். சித்திரை பிறக்கும்போது, முட்டைகூடத் தொடாத மனிதரின் வளவில் மூன்று சேவல்கள் போட்டி போட்டுக் கூவின.

"கிளாக்கர் பண்ணை வைச்சிருக்கிறார் போலை," என்று ஒழுங்கையால் போனவர்கள் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேரோடு மார்க்கண்டு அன்றே முறித்துக்கொண்டார்.

கொண்டல் காற்று வந்தது. பரவைக் கடல் கண்ணாடியாயிற்று. அடி மண்ணில் நண்டு நடந்த தடம்கூடத் தெரிந்தது. ஆனால் லியோன் கொண்டுபோன இடத்தில் நண்டு மட்டும்தான் தெரிந்தது. ஒரே ஒரு நாள் தூரத்தில் ஏதோ வால் அசைந்தது. துரை தடியை ஓங்கினார். வால் மறைந்தது.

துரை மெல்லத் திரும்பி மார்க்கண்டின் வேட்டியைப் பார்த்தார்.

"வெள்ளை," என்றார். "மீனுக்கு ஒரு மைலிலேயே தெரிகிறது. நாளையிலிருந்து காக்கிக் காற்சட்டை. அரைக் காற்சட்டை."

நாற்பத்தாறு வயதில் மார்க்கண்டு அரைக் காற்சட்டை போட்டார். குணலட்சுமி முழங்காலைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் ஓடிப் போய்ச் சிரித்தாள். பெண் பிள்ளைகள் அன்று கோயிலுக்குப் போகமாட்டோம் என்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "வேள்விக்கு உதோடை வந்திடாதையும்."

கச்சேரியில் தலைமைக் கிளாக்கர் சிவசுப்பிரமணியம் அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"மார்க்கண்டர், இந்த மீன் விசயத்திலை நீர் இவ்வளவு அந்தரப்படத் தேவையில்லை. நான் சொல்லுறதைக் கொஞ்சம் ஆறுதலாய்க் கேளும்..."

"உமக்கென்ன? முல்லைத்தீவுக்குப் போறது நீரோ, நானோ?"

"அதைத்தான் சொல்ல வாறன்..."

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். என்ரை முழங்காலைப் பாத்துச் சிரிக்கத்தானே கூப்பிட்டனீர்?"

கையிலிருந்த கோப்புக்கட்டை மேசையில் அடித்துவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு கச்சேரியில் ஒருவரும் அவரோடு மீனைப் பற்றிக் கதைக்கவில்லை. வேறெதைப் பற்றியும் கதைக்கவில்லை.

வைகாசியில் சோளகக் காற்று எழும்பியது. வேள்வியன்று தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, பழுதில்லாத சேவலோடு வரிசையில் நின்றார் மார்க்கண்டு. "கிளாக்கர் ஐயாவுக்கு வழி விடுங்கோ," என்று யாரோ ஒருவன் சத்தமாகச் சொன்னான். ஐயர் திவசத்துக்கு வர மறுத்தார்.

இவ்வளவும் பட்டாயிற்று. பாரைதான் வரவில்லை.

ஜூன் முப்பதாம் திகதி. சோளகம் கடலை வாரி முகத்தில் அடித்தது. லியோன் வழக்கம் போல வள்ளத்தைக் கிழக்கே திருப்பினான்.

மார்க்கண்டுக்கு உச்சந்தலை கொதித்தது. "அஞ்சு மாசம். அஞ்சு மாசமாய் நீ கொண்டு போற பக்கத்திலை ஒரு திரளி மீன் குஞ்சுகூட இல்லை. திருப்படா சிறுத்தீவுக்கு."

"ஐயா, அங்கை இந்தக் காத்துக்கு..."

"திருப்படா எண்டுறன்."

"ஐயா, சொன்னாக் கேளுங்கோ. அங்காலை வேண்டாம்."

"நீ திருப்புறியோ, கம்பை நான் பறிக்கட்டோ?"

லியோன் துரையைப் பார்த்தான். துரை கையை மேற்கே காட்டினார். வேறு வழியில்லாமல் திருப்பினான்.

சிறுத்தீவின் பின்பக்கம் கண்டல் மரங்கள் காற்றை மறித்து நின்றன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. துரை இறங்கி ஒரு கரையோரமாக நின்றார். மார்க்கண்டு பின்னால் இறங்கினார். கஞ்சி போட்டு மடித்த காற்சட்டை ஒவ்வொரு அடிக்கும் சரக், சரக் என்றது.

துரை திரும்பினார். முகம் செம்பரத்தம் பூவாக இருந்தது.

"உன் காற்சட்டை சத்தம் போடுகிறது, முட்டாள்."

ஐந்து மாதமாக அடைத்து வைத்தது அப்போதுதான் உடைந்தது.

"சேர்," என்றார் மார்க்கண்டு, கச்சேரியில் ஒருநாளும் வராத சுத்தமான ஆங்கிலத்தில், "வேட்டி வெள்ளை என்றீர்கள். காற்சட்டை சத்தம் என்கிறீர்கள். இனி நான் எதையும் போடாமல் நிற்கவா? உங்கள் மீனும் வேண்டாம், உங்கள் உத்தியோகமும் வேண்டாம். முல்லைத்தீவுக்கு நான் நடந்தே போகிறேன்."

நடந்தார். கரை இரண்டு மைல்; தண்ணீர் முழங்கால் மட்டும். தீவைச் சுற்றி வளைந்து, கண்ட இடமெல்லாம் காலால் உதைத்து, கையால் அடித்து, தமிழில் மிச்சமிருந்த வசவெல்லாம் கடலுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நல்லம்மாவுக்கு ஓர் உதை. ஐயருக்கு ஓர் உதை. லண்டன் இறகுக்கு இரண்டு.

அந்தக் கண்டல் நிழலில் படுத்திருந்த பாரைக் கூட்டம் இப்படியொரு மிருகத்தை முன்பு கண்டதில்லை. மொத்தமாகத் திரும்பி, கரையோரமாகத் துரை நின்ற பக்கம் பாய்ந்தது. துரையின் இறகு அதற்கு நடுவில் விழுந்தது.

பின்னால் தூண்டில் நூல் சுற்றிய சில்லு அலறும் சத்தம் கேட்டு மார்க்கண்டு நின்றார். துரை வில்லாக வளைந்த தடியோடு கடலில் ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி இல்லை. ஒரு சப்பாத்தும் இல்லை. வாயில் என்ன மொழி வந்ததென்று மார்க்கண்டுக்கு விளங்கவில்லை.

முக்கால் மணி நேரம் போனது. பதினெட்டு றாத்தல்.

துரை பாரையின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு மார்க்கண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து ஆட்டி, மெதுவாகப் போக விட்டார்.

"விட்டிட்டார்," என்றான் லியோன். வள்ளத்தில் குந்தி, தலையில் கை வைத்தான். "பதினெட்டு றாத்தலையும் விட்டிட்டார்."

துரை கோட்டுப் பையிலிருந்து மாற்றக் கட்டளையை எடுத்து, வள்ளத்துப் பலகையில் வைத்து, குறுக்கே கோடிழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. மார்க்கண்டு அதை நாலு முறை வாசித்தார்.

கரையில் செபமாலை காரைத் துடைத்துக்கொண்டு நின்றான். துரை பாட்டுப் பாடிக்கொண்டு ஒற்றைச் சப்பாத்தோடு இறங்குவதைக் கண்டதும் துணி கையிலேயே நின்றது.

"பிடிச்சிட்டாரோ?" என்றான் மெல்ல.

"பிடிச்சார். நான் கலைச்சு விட்டுப் பிடிச்சார்," என்றார் மார்க்கண்டு. மாதக்கணக்கில் அவர் யாரோடும் இவ்வளவு நல்லபடியாகக் கதைத்ததில்லை. "முல்லைத்தீவு ரத்து. கச்சேரியிலை என்னோடை கதையாமல் திரியிற அவ்வளவு பேருக்கும் நாளைக்கு இதைக் காட்டுறன்."

செபமாலை தொப்பியைக் கழற்றிவிட்டுக் காரின் மிதிபலகையில் குந்திவிட்டான்.

"என்னடா, செத்த வீட்டிலை இருக்கிறவன் போலை இருக்கிறாய்?"

"ஜூன் முடியுமுன்னம் பாரை பிடிபடாட்டில் பென்சன் எடுத்துக்கொண்டு சீமைக்குப் போறனெண்டு துரை தை மாசமே கொழும்புக்கு எழுதிக் குடுத்திட்டார் ஐயா, அதுக்காகத்தானே கச்சேரி முழுக்கச் சேந்து லியோனைப் பிடிச்சு, இவரை மீனில்லாத பக்கமாய்க் கொண்டு திரிய விட்டனாங்கள்."