மிச்சக்கா வளர்த்த ராசாத்தி

“…பெத்தது நீங்கதான் டீச்சர், அத நான் இல்லைங்கல. ஆனா ராசாத்திய வளத்தது நாங்கதானுங்க!”

ஒரு நாவலாசிரியரின் முகத்துக்கு நேராக, அவர் எழுதிய கதாநாயகியைப் பற்றி இப்படிச் சொன்னவர் எங்கள் மிச்சக்கா. உலகத்தில் எழுதப்பட்ட எந்த நாவலும் சரியாக முடியவில்லை, அவற்றை எல்லாம் சரிசெய்யத்தான் கடவுள் தன்னை ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பியிருக்கிறார் என்று முழுமனதாக நம்பிய மனுஷி.

சொந்தப் பெயர் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கொழுந்து பறித்தபடி அவர் சொல்லும் கதை உச்சத்துக்குப் போகும், வில்லன் கதவைத் தட்டுவான், எல்லாருடைய கையும் செடியின் மேலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் அக்கா கூடையை இறக்கிவைத்து, “மிச்சம் நாளைக்கு” என்பார். அதனால் மிச்சக்கா.

ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுனுக்குப் போய் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்துவருவார். திங்கள் காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் அது மலை ஏறிவிடும். நான் அப்போது அவருக்கு அடுத்த நிரை. அக்கா பறித்துக்கொண்டே சொல்லுவார். அவரோடு கூடவே போனால்தான் காதில் விழும். பக்கத்து நிரைக்காரிகளும் கதையை விடக்கூடாதே என்று கையை வேகமாக ஓட்டினார்கள். திடீரென்று கொழுந்து கூடியதற்குக் காரணம் புது உரம் என்று தோட்டத்துத் துரை கடைசிவரை நம்பினார்.

கங்காணி ஆரம்பத்தில் அதட்டினார். “இது மலையா, சினிமாக் கொட்டகையா?” ஒரு வாரம் கழித்து அவரே அக்காவின் பின்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஏன் புள்ள, அந்த வக்கீல் பய கடைசியில மாட்டுனானா இல்லையா?” என்றார்.

“மிச்சம் நாளைக்கு.”

“நான் கங்காணி புள்ள!”

“கங்காணிக்கும் நாளைக்குத்தான்.”

எழுதியவர் எந்த ஊரில் கதையை வைத்தாலும் அக்கா அதை எங்கள் ஊவா மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கடல் வந்தால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி ஆகிவிடும். “கடலப் பாக்காதவளுக்குக் கடலச் சொல்லி என்ன பண்ண?” வீட்டை விட்டு ஓடிவந்த பெண் எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் பதுளை ஸ்டேஷனில்தான் இறங்குவாள். கேட்டால், “ரயிலு இங்கதானே முடியுது? இதுக்கு மேல அவ எங்க போவா?” என்பார்.

ராசாத்தியும் அப்படித்தான் எங்களிடம் வந்து இறங்கினாள். எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கிற பெண். தன்னைப் பெற்றவள் யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அவள் வளர்ந்த வீட்டுச் சமையற்காரிதான் அம்மா. நாவலின் கடைசிப் பக்கத்தில் அவள் உண்மையைச் சொல்லாமலே கண்ணை மூடிவிடுகிறாள். அக்காவிடம் புத்தகத்தை வாங்கிப் படித்திருந்ததால் இது எனக்குத் தெரியும். மலையில் வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அக்காவின் சமையற்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ராசாத்தி, இங்க வந்து உக்காருடி” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மலையே அழுதது. கங்காணி தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே நிறையை எழுதினார். அழாதவள் புஷ்பம் ஒருத்திதான்.

“சொன்னப்புறம் ராசாத்தி கோவிச்சுக்கலையாக்கா?”

புஷ்பம் ஏன் கேட்கிறாள் என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிற மலரை வளர்த்தது புஷ்பத்தின் கூடப்பிறந்த அக்கா, பெற்றது புஷ்பம். அது மலருக்கு மட்டும் தெரியாது. புஷ்பத்தை “சின்னம்மா” என்றுதான் கூப்பிடுவாள்.

“மிச்சம் நாளைக்கு” என்றார் அக்கா. மறுநாள் ராசாத்தி கோபித்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் சாப்பிட மறுத்தாள். அப்புறம் ஒரு நாள் மழையில் குடையில்லாமல் வந்து, அடுப்படியில் நின்று, “அம்மா, பசிக்குது” என்றாள். இதில் ஒரு வரிகூட அந்தப் புத்தகத்தில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புஷ்பம் போய் மலரிடம் சொல்லிவிட்டாள். மலர் எழுந்து போனாள். அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. புஷ்பம் கலங்கவில்லை. “ராசாத்தியும் மொதல்ல கோவிச்சுக்கிட்டாதானே” என்று, அன்றாடம் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுக் காத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. ராசாத்தியை எழுதிய எழுத்தாளரே வருகிறாராம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர். தோட்டத்துப் பெண்கள் கட்டாயம் வர வேண்டுமாம். லயமே சேலை தேடியது. அக்காவுக்கு மட்டும் முகத்தில் ரத்தம் இல்லை.

“கதைய மாத்துனது தெரிஞ்சா என்னக்கா, சிரிச்சிட்டு விட்டுருவாளுக” என்றேன்.

“மத்தவளுக சிரிப்பாளுக. புஷ்பம்?”

அப்போதுதான் எனக்கு உலையில் விழுகிற அந்த ஒரு பிடி அரிசி நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து அக்கா கூட்டத்தை நிறுத்தப் பார்த்தார். அன்றைக்கு பஸ் ஓடாதாம் என்றார். லொறி பேசிவிட்டோம் என்றார் கங்காணி. அந்த டீச்சருக்குக் காது கேட்காதாம் என்றார் அக்கா. கத்திக் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் ஒரு காலையில் பெரட்டுக்களத்திலேயே நெஞ்சில் கைவைத்து, “அந்த டீச்சர் தவறிட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டார். கங்காணி தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேர் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார்கள்.

மறுநாள் யாரோ போனில் காட்டினார்கள். செத்துப்போன டீச்சர் எல்ல ஊரில் ரயில் பாலத்துப் பக்கம் குரும்பை இளநீர் குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“பழைய போட்டோ” என்றார் அக்கா, கண்ணே சிமிட்டாமல்.

“இது வீடியோக்கா. இப்பத்தான் போட்டிருக்காங்க.”

“…பொழச்சிக்கிட்டாங்க போல.”

கூட்டத்தன்று லொறி டவுனில் நின்றதும், “நூல் வாங்கிட்டு வாரேன்” என்று அக்கா காணாமல் போனார். ஆள் ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். டீச்சர் பேச எழுந்தபோது மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் பயந்தபடியே புஷ்பம் எழுந்தாள்.

“டீச்சர், அம்மா உண்மையச் சொன்னப்புறம், ராசாத்தி எத்தன நாள் கழிச்சு வந்துச்சுங்க?”

டீச்சர் குழம்பினார். “ஐயோ அம்மா, அவ கடைசிவரைக்கும் சொல்லேல்லையே. ராசாத்திக்குத் தெரியாமலே போச்சு.”

எங்கள் தோட்டத்துத் தலைகள் அத்தனையும் ஒரே திருப்பாகத் திரும்பின. “அடிப்பாவி” என்றார் கங்காணி. புஷ்பம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அக்கா எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னார்: பெத்தது நீங்க, வளத்தது நாங்க.

டீச்சர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அக்காவை நன்றாகப் பார்த்தார். “வளர்த்தனீங்கள், சரி. ஆனால் அப்பிடி வாய் திறந்து சொன்ன ஒரு தாயை நான் இன்னும் காணேல்லை. அதுதான் எழுதேல்லை.”

“நான் சொன்னேங்க” என்றாள் புஷ்பம்.

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் கிட்டவே வந்துவிட்டார்.

“பிறகு?”

புஷ்பம் டீச்சரிடமிருந்து திரும்பினாள். அக்காவைத்தான் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அந்தக் கேள்விக்கு அக்காவிடம் எத்தனையோ வருஷமாக ஒரே பதில்தான். இப்போதும் அதுவே வரப்போகிறது என்றிருந்தேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். தூணுக்குப் பின்னால், துணிக்கடை உடுப்போடு, உள்ளே வருவதா ஓடிவிடுவதா என்று நின்றிருந்த மலரை மணிக்கட்டில் பிடித்து அழைத்துவந்து, புஷ்பத்துக்கு அருகில் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். பிறகு, வாயே திறக்காமல், கதை கேட்க வந்தவர் மாதிரி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.