நிச்சயச் சேலையின் நிறம் குறித்து அத்தைக்கு

சங்கரன்கோவில்,
2.9.1986

மதிப்பிற்குரிய வாசுதேவநல்லூர் அத்தை அவர்களுக்கு, பூமாரி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கு தாங்களும் மாமாவும் தங்கள் மகனும் சுகமாக இருக்கக் கோமதி அம்மன் துணை. இந்த வரியை எல்லாரும் எழுதுகிறோம், யாரும் நின்று படிப்பதில்லை. இந்தத் தடவை மட்டும் ‘அப்பா சுகம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதற்கு மதுரையிலிருந்து டைப் அடித்த சான்று ஒன்று வந்திருக்கிறது. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயத்துக்கு வந்த தாங்கள் தட்டு மாற்றாமல் எழுந்து போனீர்கள். போகும்போது வாசலில் நின்று, “பொண்ணுக்குச் சேலை பிடிக்கலேன்னா வாயால சொல்லியிருக்கலாம். அப்பனும் மவளுமா கண்ணை இழுத்துக் காட்ட வேண்டாம்” என்றீர்கள். நீங்கள் கண்டது முழுக்க உண்மை. அப்பா உங்கள் முன்னால் நின்று ஒரு கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். நான் மணையை விட்டு எழுந்து ஓடி நீங்கள் வைத்த சேலையின் முந்தியை அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிடித்து, “ஒன்பது” என்று சொன்னேன். அதற்குப் பிறகு சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு நின்றபோது கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு சேலையும்தான் இருந்தோம். இதை நேரில் சொல்லி விளக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவை எழுதச் சொன்னால் நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுவார். அம்மா எழுதவே கூடாது என்கிறாள். ஆகவே நான் எழுதுகிறேன். படித்துவிட்டு இந்தச் சம்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று தாங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு மைதீன் பாட்சா முதலாளியின் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிற வேலை என்பது தங்களுக்குத் தெரியும். நூலைச் சாயத்தில் முக்குவது வேறு ஆட்கள். முக்கி எடுத்த நூல், வியாபாரி கேட்ட நிறத்துக்கு வந்திருக்கிறதா, அரை மாற்று கூடியதா குறைந்ததா என்று சொல்வது அப்பா. அதற்காக அவரிடம் ஒரு ஷேட் கார்டு உண்டு. ஒவ்வொரு நிறத்திலும் மெல்லியதிலிருந்து அடர்த்தி வரை நூல் துண்டுகளை ஒட்டி நம்பர் போட்ட அட்டை. உலகத்தில் இருக்கிற எல்லாம் அந்த அட்டையில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. போன கார்த்திகையில் காய்ச்சல் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஊசி. அதைக் காய்ச்சாமலே போட்டார்கள் என்பதை அப்பா அப்போதே கவனித்திருக்கிறார், ஆனால் ஊசி மருந்தின் நிறம் நன்றாக இருந்ததாம். மாசி மாதம் கண் மஞ்சளானது. அம்மா பதறிப்போய், “ஏங்க, கண்ணைப் பாத்தியளா” என்று அழ, அப்பா முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஷேட் கார்டையும் எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். திரும்பி வந்து, “மூணாம் நம்பர். பயப்படாத” என்றார்.

மறுநாள் ஐந்து. அதற்கடுத்த வாரம் எட்டு. அட்டையில் மஞ்சள் எட்டோடு முடிந்துவிடுகிறது. அப்பாவின் கண் முடியவில்லை. டாக்டர் ஞானரத்தினம் அம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அதில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் இருக்கிறது என்று வந்தது. நான் கல்லூரி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரை அது ‘பி’ வகைக் காமாலைக் கிருமியின் மேல் சட்டை. ரத்தத்தில் சட்டை இருந்தால் ஆளும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். முதலில் ஆஸ்திரேலியாவில் ஒருவருடைய ரத்தத்தில் கண்டதால் அந்தப் பெயர். இதை வீட்டில் சொன்னது என் தப்பு. பக்கத்து வீட்டுப் பேச்சி அக்கா, “ராஜபாளையம் தாண்டாத மனுசனுக்கு ஆஸ்திரேலியாவிலயிருந்தா வந்துச்சு? எல்லாம் கண்ணேறு” என்று சொல்லிவிட்டு மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்தப் புகையில் கண் சிவந்ததால் அப்பாவால் அன்றைக்கு நிறம் பார்க்க முடியவில்லை. அதற்காக அவளோடு மூன்று நாள் பேசவில்லை.

அப்பாவின் கவலை எல்லாம் எட்டைத் தாண்டிய நிறத்துக்கு நம்பர் இல்லையே என்பதுதான். “உச்சம் எதுன்னு தெரிஞ்சாத்தானட்டி எம்புட்டு இறங்கியிருக்குன்னு தெரியும்” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. படுக்கையிலிருந்தபடியே பட்டறையிலிருந்து ஆளை வரவழைத்து, தன் கண்ணை இழுத்துக் காட்டி, இந்த நிறத்தில் ஒரு கழி நூல் சாயம் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். நாலு தடவை திருப்பி அனுப்பி ஐந்தாவது தடவை ஒப்புக்கொண்டார். அதுதான் ஒன்பதாம் நம்பர். அதில் பாதியை வீட்டில் வைத்துக்கொண்டு மீதியில், ‘இதே நிறம். கூடவோ குறையவோ ஆகக் கூடாது. காசி’ என்று தன் பெயர் போட்டுச் சீட்டுக் கட்டிப் பட்டறைக்கே கொடுத்தனுப்பினார். வீட்டு நூலை எலி கடித்துவிட்டால் மாற்றுக்கு வேண்டுமாம். வெளியூர் போய்த் திரும்பிய மைதீன் பாட்சா முதலாளி, முடிவான மாதிரிகள் தொங்கும் ஆணியில் அப்பா கையெழுத்தோடு ஒரு கழி தொங்குவதைப் பார்த்தார். சீக்கிலும் காசி வேலையை மறக்கவில்லையே என்று கண் கலங்கினாராம். வந்திருந்த நூல் மொத்தத்தையும் அந்த நிறத்தில் முக்கிவிட்டார். அது தறிக்குப் போய் அரக்குக் கரையோடு சேலையாகி, ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கடைகளுக்கு வந்தது. கடைக்காரர்கள் அதற்குப் ‘பொன்னரளி’ என்று பெயர் வைத்தார்கள். பட்டறையில் எல்லாரும் ‘காசி கண்ணு’ என்றார்கள். தபசுக் கூட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் அப்பாவின் கண் நடந்து போயிற்று. அம்மா தெற்கு ரதவீதியில் நின்று, “நல்லா இருக்குற ஆளைக் காமிச்சு ஏதாவது கலர் போட்டிருக்கக் கூடாதா” என்றாள்.

சேலை கடைக்கு வருமுன்பே அப்பாவின் சொந்தக் கண் இறங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் நான் கார்டைப் பிடிப்பேன், அப்பா இமையை இழுப்பார், அம்மா நம்பர் சொல்வாள். ஏழு, ஐந்து, மூன்று என்று வந்து சித்திரைக் கடைசியில் வெள்ளை. அப்பா குளித்து விபூதி பூசிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், சுகமாகிவிட்டது, வேலைக்குப் போகிறேன் என்றார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “மஞ்சள் போயிருச்சு அண்ணாச்சி. ஈரல் வீக்கம் காட்டுற எண்ணும் நல்லா இறங்கியிருக்கு. ஆனா அந்தக் கிருமிச் சட்டை இன்னும் இருக்கு” என்றார்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்த அந்த எண் நாற்பதுக்கு இறங்கியதைக் கேட்ட அம்மா, சத்துத்தான் இறங்கிவிட்டது என்று நினைத்து அன்று முதல் அப்பாவுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

“அந்தக் கிருமி என்ன கலர், டாக்டரம்மா?”

“அதுக்குக் கலர் கிடையாது அண்ணாச்சி.”

“லேசாக்கூட?”

“லேசாக்கூட இல்ல.”

“அப்பம் இருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?”

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். கண் வெளுத்தால் ஈரல் தேறுகிறது என்று அர்த்தம், கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். ஆறு மாதம் கழித்தும் இருந்தால் அது தங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியிருக்கும். அதுவரை சாராயம், பச்சிலை எதுவும் கூடாது. அவர் முகம் மழிக்கிற பிளேடை வேறு யாரும் தொடக் கூடாது. வீட்டில் எல்லாரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம், எங்களுக்கு இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ தொற்றாது என்றும் டாக்டரம்மா சொன்னார்கள். ஆகவே வியாழக்கிழமை எங்கள் வீட்டில் குடித்த காப்பியைப் பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம். மாமா குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பியைப் பற்றித்தான் அம்மாவுக்குக் கவலை.

நிறமில்லாத ஒன்று தன் உடம்புக்குள் இருக்கிறது என்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. கண் வெள்ளையாக இருந்தும் தினமும் காலையில் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எங்களுக்கும் பழகிவிட்டது. மஞ்சளாக எதைக் கண்டாலும் அப்பாவின் விரல் தானாக இமைக்குப் போகும், என் கை தானாக அதை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கும். பூசணிப்பூவைப் பிடித்திருக்கிறேன், லட்டைப் பிடித்திருக்கிறேன், பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் முந்தானையைப் பிடித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். நடுவில்தான் தங்கள் சம்பந்தம் வந்தது. ஆறாவது மாதப் பரிசோதனை முடியுமுன் தங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பேசலாம் என்றேன் நான். “புஸ்தகம் படிக்கிறவ யோசனையெல்லாம் கல்யாணத்துக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நீங்கள் வருகிறீர்கள் என்று அம்மா ஷேட் கார்டையும் ஒன்பதாம் நம்பர் நூலையும் எங்கோ ஒளித்து வைத்தாள். எங்கே என்று அவளுக்கே நினைவில்லை. பட்டு வேண்டாம், எங்கள் ஊர் நூல் சேலை போதும் என்று சொல்லியனுப்பியது நான்தான். நீங்கள் அதை மதித்து இந்த ஊர்க் கடையிலேயே எடுத்து வந்தீர்கள். தட்டிலிருந்து எடுத்து விரித்தீர்கள். மஞ்சள். அரக்குக் கரை. அம்மா தன்னை மறந்து, “ஐயோ, இது உங்க கண்ணுல்லா” என்றாள். அப்பாவின் விரல் இமைக்குப் போனது. மற்றதைத் தாங்களே பார்த்தீர்கள். உங்கள் ரசனையை நான் கேலி செய்யவில்லை அத்தை. ஊரில் இத்தனை சேலை இருக்க, என் அப்பாவின் காமாலை என் நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அடுத்த அறையிலிருந்து தங்கள் மகனும் சிரித்தது போலக் கேட்டது. அது என் பிரமையாக இருந்தால் மன்னிக்கவும்.

சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. கிருமிச் சட்டை இல்லை. அதை எதிர்க்கிற சக்தியும் ரத்தத்தில் வந்துவிட்டது, இனி அந்தக் கிருமி அப்பா பக்கம் வராது என்று டாக்டரம்மா சொன்னார்கள். அப்பா டைப் அடித்த தாளை நம்பவில்லை. நேற்று என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் பரிசோதனைக்கூடத்தில், “நான் ரத்தத்தைப் பாக்கணும்” என்று நின்றார். அங்கிருந்தவர் இவரை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று உள்ளே கூப்பிட்டு, அப்பாவின் ரத்தத்தில் மீதியிருந்ததை மறுபடி போட்டுக் காட்டினார். பணியாரக் கல்லைச் சின்னதாக்கியதுபோல ஒரு தட்டு, அதில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து தெளிந்த நீர். கிருமி இருக்கிற குழியில் மருந்து விட்டால் மஞ்சளாக மாறுகிறது. இல்லாத குழி தண்ணீராகவே இருக்கிறது. அப்பா குனிந்து பார்த்தார். பக்கத்துக் குழிகளில் இரண்டு மஞ்சள். அப்பாவின் குழியில் ஒன்றுமில்லை.

“கலர் இல்லேன்னாங்க டாக்டரம்மா” என்றார் அப்பா. “இருக்குல்லா. அந்தா, மஞ்சள்ல ரெண்டாம் நம்பர்.” பிறகு அந்த மஞ்சள் குழிகளைக் காட்டி, அவை யாருடையவை, அவர்களுக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றார்கள்.

இவ்வளவுதான் அத்தை. மறைத்தது தப்பு, சிரித்தது கை மீறியது. ஆனால் தாங்கள் இதை மன்னித்துத் திரும்ப வந்தாலும், அந்தச் சேலையை மட்டும் என்னால் கட்ட முடியாது. அதைக் கட்டிக்கொண்டு குனிந்தால் அப்பா என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். வேறு எந்த நிறமானாலும் சரி. மஞ்சள் வேண்டாம். இதற்குத் தாங்கள் சம்மதிக்காவிட்டால் சேலையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மாமாவுக்கு அப்பா அம்மாவின் வணக்கங்கள். தங்கள் ஆசீர்வாதம் எங்கள் வீட்டுக்கு எந்த வகையிலாவது வேண்டும். மருமகளாக இல்லையென்றாலும் பக்கத்து ஊர்க்காரியாக.

இப்படிக்கு,
கா. பூமாரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்று அம்மா சாயங்காலச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனாள். பானைக்குள் ஷேட் கார்டும் நூலும் இருந்தன. அப்பா உடனே சேலையைக் கேட்டார், பிறகு அந்தி வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது என்று விடியும்வரை காத்திருந்தார். இன்று காலை புறவாசலில் ஒன்பதாம் நம்பர் நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏட்டி, இது என் கண்ணே இல்லயே. ஆறாம் நம்பருல்லா. வேற பட்டறைச் சரக்கு. எங்க வச்சுப் பாத்த?” கூடத்தில் என்றேன். “டியூப் லைட்டுலயா ஷேட் பாத்த? நீயெல்லாம் என் மவள்னு வெளிய சொல்லாத” என்றார். ஆகவே மேலே நான் எழுதியதற்கெல்லாம் காரணம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை நான் சும்மாவே சிரித்திருக்கிறேன். ஒன்பதாம் நம்பர்ப் பொன்னரளிச் சேலை ஒன்று தங்களுக்கு அன்பளிப்பாக இத்துடன் வருகிறது, அப்பாவே தேடி எடுத்தது, நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. தாங்கள் கொண்டுவந்த ஆறாம் நம்பர் காலை வெளிச்சத்தில் அவ்வளவு நன்றாக இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். திருப்பி அனுப்புவதாகச் சொன்னதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும்.