மூச்சு வாங்கிய கார்

தன் காருக்கு மூச்சு வாங்கித் தருவது என்று ஷிகெஹாரு முடிவெடுத்தார். ஏற்றம் வந்தால் அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அது வேறு மூச்சு.

ஹிரோஷிமாவில் சவரக்கடை நடத்துகிறவருக்கு எஞ்சின் கவலை எதற்கு என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய கார். மற்ற எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் ஒரு முக்கோணம் ராட்டினம் மாதிரி சுற்றும். ரோட்டரி! தேனீக்கள் கச்சேரி வைத்தது போல ஒரு ரீங்காரம். வேகத்துக்குத்தான் கொஞ்சம் கூச்ச சுபாவம். அப்போது இன்னும் மனைவியாகாத சுமியேவை முதன்முதலாக ஹைகாமினே மலைக்கு அழைத்துப்போன அன்று, ஆரஞ்சு ஏற்றிய குட்டி லாரி ஒன்று முந்திப் போனது. லாரிக்காரன் கையசைத்தான். சுமியேவும் பதிலுக்குக் கையசைத்தார். அந்தக் கையசைப்பு இத்தனை வருஷமாகியும் ஷிகெஹாருவுக்கு ஆறவில்லை.

இந்த வருஷக் கல்யாண நாளில், அதே மலையில், ஒரு லாரியையாவது முந்தியாக வேண்டும்.

பழைய இரும்புக் கிடங்கில், நசுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது?"

"டர்போ. எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் திணிக்கும்."

"பாத்தா நத்தை மாதிரி இருக்கே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"வேகமாப் போக நத்தையை வாங்கின ஒரே ஆளு நீங்கதான்."

"நம்ம எஞ்சின் இது இல்லாமலே பொறந்திருச்சு, சுமியே. பாவம், தானாவே மூச்சு இழுத்து இழுத்து..."

"நானும் இது இல்லாமதான் பொறந்தேன். எனக்கும் ஒண்ணு வாங்கறதுதானே?"

மெக்கானிக் குனிஹாராவும் கையை விரித்தார். "வேணாம்ணே. அந்த முக்கோணத்து முனையில சீல் இருக்கு, சீப்புப் பல்லு கணக்கா. இந்த எஞ்சின் இப்பவே காத்தை இறுக்கிப் பிழியுது. இன்னும் திணிச்சா முனையெல்லாம் நொறுங்கிரும்."

"பயந்தாங்கொள்ளி!"

மறுவாரம் குனிஹாரா சவரத்துக்கு வந்தார். அன்றைக்குச் சுமியேதான் கத்தி பிடித்தார். நாற்காலியைவிட்டு எழுந்தபோது குனிஹாரா ஆளே மாறியிருந்தார்.

"பொருத்திடலாம்ணே" என்றார், கழுத்தைத் தடவிக்கொண்டே.

கல்யாண நாள் வந்தது. மலை முழுக்க மகரந்தம் பறந்து கண்ணையும் மூக்கையும் உறுத்துகிற பருவம். ஊரில் பாதிப் பேரைப் போலச் சுமியேவும் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மாஸ்க்குக்குள் ஒளித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

முதல் வளைவு. ஷிகெஹாரு மிதித்தார். காலை எடுத்தார்.

"உஷ்ஷ்ஷ்!"

"கேட்டியா! டர்போ காத்தை விடுது!"

"ம்ம்."

அடுத்த வளைவு. "உஷ்ஷ்ஷ்!" முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றியது. "ராக்கெட்டு, சுமியே! ராக்கெட்டு!"

ராக்கெட்டை ஒரு முட்டைக்கோஸ் லாரி முந்திப் போனது.

"அவனும் டர்போ வச்சிருக்கான், திருட்டுப் பய!"

அதற்கடுத்த வளைவில் ஆசை தீர மிதித்துவிட்டுக் காலை எடுத்தார்.

"உஷ்... உஷ்... ஹ... ஹச்சூ!"

ஷிகெஹாரு காரை ஓரங்கட்டினார்.

"சுமியே. டர்போவுக்கு எப்படி ஜலதோஷம் பிடிக்கும்?"

சுமியே மாஸ்க்கை இறக்கி மூக்கைத் துடைத்தார். "நத்தையை நல்லாத் துடைச்சு, பளபளன்னு திருகி வச்சிருக்காரு குனிஹாரா. ஒரு குழாய்கூட எஞ்சினுக்குப் போகலை."

"அடிப்பாவி! அவன் கழுத்துல கத்தி வச்சியா?"

"வைக்காம எப்படிங்க சவரம் பண்றது?"

கீழே கூரே துறைமுகம் வெயிலில் கிடந்தது. எஞ்சின் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. சுமியே அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அன்னைக்கு அந்த லாரி போனப்புறம்தான் நீங்க வாயையே திறந்தீங்க. 'என்னை'ன்னு ஆரம்பிச்சு 'கட்டிக்கிறியா'ன்னு முடிக்கறதுக்குள்ள பாதி மலை ஏறிட்டோம். டர்போ இருந்திருந்தா? 'என்னை'யிலயே உச்சி வந்திருக்கும். நான் இறங்கி ஐஸ்கிரீம் வாங்கப் போயிருப்பேன். இந்த எஞ்சினையா நொறுக்கப் பாத்தீங்க?"

ஷிகெஹாருவின் கண் கலங்கியது. மகரந்தம் என்றார்.

"சரி, வண்டியை எடுங்க. இனிமே சத்தத்தை நீங்களே போடுங்க. எனக்கு வாய் வலிக்குது."

அடுத்த வளைவு வந்தது. ஷிகெஹாரு காலை எடுத்தார். உதட்டைக் குவித்தார்.

"உஷ்ஷ்ஷ்."