கரையில் நின்ற நீச்சல் வீரர்

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க சிட்டு பெரிய குளத்துல இருப்பா, வக்கீல் சார். பார்த்துக்கிட்டே இருங்க!"

மாடிப்படியின் நடுவில், கையில் குப்பைக்கூடையோடு நின்று மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் இந்தச் சபதத்தைச் செய்தார். குப்பைக்கூடையோடு சபதம் செய்து ஜெயித்த மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. எதிர்வீட்டு வக்கீல் தன் மகளை நீச்சல் வகுப்பில் சின்னக் குளத்திலிருந்து பெரிய குளத்துக்கு மாற்றிவிட்டார்கள், மஞ்சள் தொப்பியைக் கழற்றி நீலத் தொப்பி போட்டுவிட்டார்கள் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லி முடித்திருந்தார். அதோடு விட்டாரா?

"உங்க பொண்ணு இன்னும் மஞ்சள்தானா? பரவாயில்ல, பாவம், குழந்தைதானே" என்று ஒரு 'பாவம்' வேறு போட்டார். அந்தப் பாவம்தான் கடைக்காரரின் நெஞ்சில் தைத்தது. "இத்தனைக்கும் நீங்க ஏரியையே நீந்திக் கடந்தவராச்சே!" என்று மேலும் ஒரு குத்து.

ஏரி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர் ஆயுசில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் பந்தா காட்ட ஒரு ஏரியை நீந்திக் கடந்ததாக அளந்துவிட்டார். பிறகு சிட்டு பிறந்தாள். அவளைத் தூங்கவைக்க அதே ஏரி. எதிர்வீட்டு வக்கீலிடமும் அதே ஏரி. வருஷத்துக்கு வருஷம் ஏரி அகலமாகிக்கொண்டே போனது. நடுவில் புயல் வந்தது, படகு கவிழ்ந்தது, ஆட்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இப்போது அந்த ஏரிக்கு எதிர்க்கரையே தெரிவதில்லை.

வீட்டுக்குள் வந்தார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்குக் கட்டிய புருஷனின் முகம் எம்மாத்திரம்?

"என்ன சபதம் போட்டுட்டு வர்றீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பையைக் கொட்டாமலே திரும்பி வந்திருக்கீங்களே."

அவர் கூடையைப் பார்த்தார். நிறைந்திருந்தது.

"சிட்டுவைப் பெரிய குளத்துக்கு அனுப்பணும். அதுவும் ஒரே வாரத்துல."

"அதை டீச்சர்தானே சொல்லணும்? தயாரானா அவங்களே அனுப்புவாங்க."

"தயாராகுறதாவது! நாமதான் தயார் பண்ணணும். நானே கத்துக்குடுக்கறேன்."

"நீங்களா?"

"ஏன், ஏரியைக் கடந்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

"ஆமா, ஆமா. ஏரி!" என்றாள் அவள். "ஒரு மாத்திரை போடற இடத்துல நாலு மாத்திரை போட்டா காய்ச்சல் நாலு மடங்கு வேகமா இறங்குமா? குழந்தையை அவ போக்குல விடுங்க."

விட்டாரா? அன்று சாயங்காலமே கட்டிலில் வகுப்பு ஆரம்பமானது. சிட்டு மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு மெத்தையில் குப்புறப் படுத்தாள். இவர் பக்கத்தில் குப்புறப் படுத்துக் காற்றைத் துவைத்தார்.

"கையை வீசு! காலை உதை! தலை தண்ணிக்குள்ள போனதும் மூச்சை நல்லா உள்ள இழு!"

சிட்டு உதைப்பதை நிறுத்தினாள். "தண்ணிக்குள்ளயா இழுக்கணும்?"

"ஆமா."

"தண்ணி உள்ள வராதா?"

"அது... போகப் போகப் பழகிடும்."

"தண்ணிக்குள்ள ஊதணும், வெளிய வந்துதான் இழுக்கணும்னு மிஸ் சொன்னாங்களே."

"அது குளத்து முறை. இது ஏரி முறை."

ஏழு வயதுப் பெண் அப்பாவை உற்றுப் பார்த்தாள். வாசற்படியில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. "சரிப்பா" என்றாள் சிட்டு, மிகவும் ஆதரவாக. பாடம் ஏறிவிட்டது என்று நம்மவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். பையை அவர்தான் தூக்கினார்.

"என்ன இவ்வளவு கனம்?"

"துண்டுதாங்க" என்றாள் மனைவி.

நீச்சல்கூடத்தில் குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. குழந்தைகளின் கூச்சல் கூரையில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இந்தப் பக்கம் சின்னக் குளம், பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். அந்தப் பக்கம் கயிறு கட்டிய பெரிய குளம். யாருக்கும் கால் எட்டாது. இரண்டையும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. பெற்றோர்கள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் பெஞ்சில் வக்கீல் ஏற்கெனவே ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

கழுத்தில் விசில் தொங்க நீச்சல் டீச்சர் வந்தாள். "வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்."

நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வக்கீல் காதில் விழும்படி கேட்டார்: "சிட்டுவை எப்போ பெரிய குளத்துக்கு அனுப்பப் போறீங்க?"

"எல்லாமே வருது சார் அவளுக்கு. யாரும் சொல்லாமலே தலையை முக்கறா. மல்லாந்து மிதக்கறா. நடுவுல விட்டா தானே திரும்பிச் சுவருக்கு வந்துடறா. ஒண்ணே ஒண்ணுதான் குறை. நீந்திக்கிட்டே இருக்கறவ, சட்டுனு நின்னு கரையைப் பார்க்கறா. பெரிய குளத்துல நிக்க முடியாது, கால் எட்டாது. கரையை மறந்து நீந்துற அன்னிக்கு நானே நீலத் தொப்பி போட்டு அனுப்பறேன்."

இவ்வளவுதானே! கடைக்காரருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. குழந்தைக்குப் பயம். அப்பா தூரத்தில் நிற்கிறாரே என்று தவிக்கிறாள். பக்கத்தில் போய் நின்றால் தைரியம் தானாக வந்துவிடும். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் இவர் சிவப்புக் கோட்டைத் தாண்டினார். இன்னும் தாண்டினார். கட்டைவிரல் இரண்டும் குளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓரத்தில் போய் நின்றார்.

சிட்டு நீந்தி வந்தாள். நடுவில் நின்றாள். கரையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. 'போங்க, போங்க' என்று கையை ஆட்டினாள். மகள் கையாட்டுகிறாள் என்று பூரித்துப்போன நம்மவர் பதிலுக்கு இரண்டு கைகளையும் ஆட்டினார். அதோடு விட்டிருக்கலாம். கையை எப்படி வீச வேண்டும் என்று ஏரி முறையில் செய்து காட்ட ஆரம்பித்தார். மூன்றாவது வீச்சில் ஓடு வழுக்கியது.

தொப்பென்ற சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ! காப்பாத்துங்க! நான் போயிட்டேன்!"

அலறியவர் உள்ளே போனார். போனவர், தான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மூச்சை நல்லா உள்ளே இழுத்தார். பிறகு என்ன, குளத்தில் பாதி மூக்குக்குள் வந்துவிட்டது!

டீச்சர் விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை. ஏனென்றால் அதற்குள் சிட்டு புறப்பட்டிருந்தாள். எங்கும் நிற்கவில்லை. எந்தக் கரையையும் பார்க்கவில்லை. நேராக வந்து அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"அப்பா, எழுந்து நில்லுங்க."

"முடியலைடா கண்ணு!"

"கால் எட்டும்பா. நில்லுங்க."

நின்றார். தண்ணீர் இடுப்புவரைதான் இருந்தது.

வக்கீல் ஃபிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் மனுஷனின் மூக்குக்கண்ணாடி குளத்தின் அடியில் கிடந்தது. சிட்டு ஒரு முழுக்கு முழுகி அதை எடுத்துவந்து அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். மாட்டாமலேயே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது. மானம் கப்பலேறிப் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்; அடுத்து மகள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அதுக்குத்தான்பா கோட்டுக்குப் பின்னால போங்கன்னு கை காட்டினேன்" என்றாள் சிட்டு மெதுவாக.

"நீ... இத்தனை நாளும் என்னையா பார்த்துக்கிட்டு இருந்தே?"

"ஆமா. நீங்க எப்பவும் எட்டி எட்டிப் பார்ப்பீங்க. விழுந்துட்டா? உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே. நான் பெரிய குளத்துக்குப் போனா நீங்களும் அந்தக் கரைக்கு வருவீங்க. அங்க விழுந்தா கால்கூட எட்டாது. அதனாலதான் நான் போகலை."

"ஏரிக் கதை பொய்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"சின்ன வயசுலேயே தெரியும்பா. ஷவரைத் திறந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சுவரைப் பிடிச்சுக்கறீங்களாமே. அம்மா சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சும் ஏன்டா தினமும் கேட்டே?"

"கதை நல்லா இருந்துச்சு."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வக்கீலிடம் சொன்ன பொய்க்கு அவர் வெட்கப்படவில்லை. அது வக்கீலுக்குப் பழக்கப்பட்ட சரக்கு. பெற்ற பெண் தன் அப்பாவைக் காவல் காப்பதற்காக மஞ்சள் தொப்பியிலேயே உட்கார்ந்திருந்தாளே, அதை நினைக்க நினைக்கத்தான் கூனிக் குறுகிப்போனார். ஈரம் சொட்டச் சொட்டப் பெஞ்சுக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பையைத் திறங்க" என்றாள் அவள்.

திறந்தார். உலர்ந்த வேட்டி, சட்டை, துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் பெரியவர்கள் தலைக்கு ஏற்ற அளவில் ஒரு நீச்சல் தொப்பி. மஞ்சள்.

"நான் விழுவேன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"விழுவீங்கன்னு தெரியாது. இறக்கிவிடலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன். நீங்கதான் அவசரப்பட்டு முந்திக்கிட்டீங்க."

"ஏரி பொய்னு எப்போ கண்டுபிடிச்சே?"

"கல்யாணமான புதுசுல கடற்கரைக்குப் போனோமே. ஏரியைக் கடந்த வீரர் செருப்பைக்கூடக் கழட்டலை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா? கடலையும் கடந்தேன்னு இன்னொரு கதை வந்திருக்கும். இங்க பாருங்க, அவ நிம்மதியா நீந்தணும்னா நீங்க கரையில நிக்கவே கூடாது. தண்ணிக்குள்ள, கால் எட்டுற இடத்துல, டீச்சர் கண்ணெதிர்ல இருக்கணும். உங்க பேரைப் போன வாரமே குடுத்துட்டேன்."

ஒரு வாரம் பிந்தினாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபதம் நிறைவேறியது. சிட்டு நீலத் தொப்பியோடு பெரிய குளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சாய் நீந்தினாள். ஒரு தடவைகூடக் கரையைப் பார்க்கவில்லை. சின்னக் குளத்தில், தன் நெஞ்சுயரம் இருந்த பொடிசுகளுக்கு நடுவில், மஞ்சள் தொப்பியோடு சுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரரைத் தேடிக்கொண்டு வக்கீல் வந்தார்.

"சொன்னபடி செஞ்சுட்டீங்களே சார், பொண்ணு பெரிய குளத்துல! நீங்க எப்போ அந்தப் பக்கம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"இவரை இப்போதைக்கு அனுப்ப முடியாது சார். ஒரு கையை எடுக்கறதுக்குள்ள, கரையில வீட்டம்மா இருக்காங்களான்னு பார்க்கறாரு."